இருக்கை வரை கூட்டிப் போவது எதற்கு?

கும்பகோணத்தில் அரசியல் அறிவியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: “2025 டிசம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களவையில் புதிய அவைத்தலைவர் சி.பி. இராதாகிருஷ்ணனை வரவேற்றுக் கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். நம் சட்டமன்றத்தில் புதிய சபாநாயகர் வரும்போதும் இதே வழக்கம்தான். ஆனால் பாராட்டு மழை பொழிகிற அவையில்தான் பிறகு கூச்சலும் வெளிநடப்பும். அப்படியென்றால் இந்த வரவேற்பு வெறும் சம்பிரதாயமா? நாற்காலியில் உட்காரும் ஒருவரால் நாடாளுமன்ற ஜனநாயகம் வலுப்பெறுமா? எங்கள் கல்லூரி இளைஞர் நாடாளுமன்றத்தில் என்னைச் சபாநாயகராகப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.”

சம்பிரதாயம்தான் தம்பி. நிச்சயதார்த்தத்தில் ஊரைக் கூட்டி வைத்துத் தட்டு மாற்றுகிறோமே, அந்த மாதிரிச் சம்பிரதாயம். பேச்சுவார்த்தை எல்லாம் முன்பே முடிந்திருக்கும். ஆனாலும் நாலு பேர் முன்னால் தட்டு கை மாறினால்தான் அந்தப் பேச்சுக்குச் சாட்சி உண்டு. நாளைக்கு ஒருவர் பிசகினால் “அன்றைக்குச் சபையில் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்கலாம். புதிய தலைவரை வரவேற்கும் உரைகளை நான் அப்படித்தான் படிக்கிறேன். 30 ஆண்டு கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தினேன். அவைக்குறிப்புகளைப் படிக்கச் சொன்னால் மாணவர்கள் முதலில் தாண்டிப் போவது இந்த வரவேற்புப் பக்கங்களைத்தான். அடுத்த ஐந்து ஆண்டு நடக்கப்போகிற சண்டைக்கெல்லாம் அங்கேதான் விதை இருக்கும்.

சட்டமன்றத்தில் நடப்பதைப் பாருங்கள். தேர்தல் முடிந்ததும் ஆளுநர் ஒருவரைத் தற்காலிக சபாநாயகராக நியமிக்கிறார். அவர் முன்னால் உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். அப்புறம் சபாநாயகர் தேர்தல். பெரும்பாலும் ஒரே வேட்புமனுதான், போட்டி இருக்காது. பெயரை அறிவித்ததும் ஆளுங்கட்சித் தரப்பில் அவை முன்னவர் ஒரு பக்கம், எதிர்க்கட்சித் தலைவர் ஒரு பக்கமாக அவரை இருக்கை வரை அழைத்துப் போய் உட்கார வைப்பது மரபு. இந்த மரபின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே மன்னருக்குப் பிடிக்காத சேதியைக் கொண்டுபோய்த் தலையை இழந்த சபாநாயகர்கள் உண்டு. அதனால்தான் புதிதாகத் தேர்வானவர் வர மறுப்பதுபோல் தயங்குவதும், மற்றவர்கள் அவரைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைப்பதும் இன்றுவரை அங்கே ஒரு வழக்கமாக நீடிக்கிறது. 1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்லஸ் மன்னர் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க ஆயுதக்காரர்களோடு வந்து, அவர்கள் எங்கே என்று கேட்டார். சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டபடியே, இந்த அவை சொல்கிறபடி அல்லாமல் இங்கே பார்க்க எனக்குக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார். அரசன் கேட்டும் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த நாற்காலிக்கு மரியாதை வந்த இடம் அது.

கூட்டிப் போகிற இரண்டு பேரில் எனக்கு எதிர்க்கட்சித் தலைவர்தான் முக்கியம். ஆளுங்கட்சிக்குச் சபாநாயகர் வேண்டியவர், அவரைத் தேர்ந்தெடுத்ததே அவர்கள் எண்ணிக்கைதான். தோற்றுப்போய் எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து கூடவே நடப்பதற்கு, “நீங்கள் எங்களுக்கும் தலைவர்” என்று பொருள். அந்தச் சொல்லைக் கொடுத்ததால்தான் பிற்பாடு “எங்களுக்கும் நேரம் கொடுங்கள்” என்று உரிமையோடு கேட்க முடிகிறது.

மாநிலங்களவையில் இது இன்னும் நுட்பமானது. அங்கே தலைவரை அந்த அவை தேர்ந்தெடுப்பதில்லை, அவர் அதன் உறுப்பினரும் இல்லை. குடியரசுத் துணைத்தலைவர் யாரோ அவரே பதவி வழியில் அவைத்தலைவர். 2025 செப்டம்பர் 9-இல் இரு அவை உறுப்பினர்களும் வாக்களித்ததில் இராதாகிருஷ்ணனுக்கு 452, எதிர்த்து நின்ற சுதர்சன் ரெட்டிக்கு 300. அதாவது மாநிலங்களவைக்கு அவர் வெளியிலிருந்து வருகிறார். அவை தானாக “வாருங்கள்” என்று சொல்லும் ஒரே தருணம் அந்த வரவேற்புதான். அதை நீக்கிவிட்டால் அவர் வெறும் நியமன அதிகாரி போல ஆகிவிடுவார்.

அந்த வரவேற்புக்குத் தலைவர் சொல்லும் ஏற்புரைக்கு ஆயுசு அதிகம். 1952 மே 16 அன்று முதல் அவைத்தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், வாழ்த்தியவர்களுக்குப் பதில் சொல்லும்போது, தான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவன் இல்லை, அதனால் இங்கே உள்ள எல்லாக் கட்சியையும் சேர்ந்தவன் என்றார். அரசின் கொள்கையை எதிர்க்கட்சிகள் ஒளிவுமறைவின்றி விமர்சிக்க விடாத ஜனநாயகம் கொடுங்கோன்மையாகச் சீரழிந்துவிடக்கூடும் என்றும் சொன்னார். 70 ஆண்டுக்கு மேலாகியும் ஒடுக்கப்படுவதாக நினைக்கும் எந்த எதிர்க்கட்சியும் அந்த வரியைத்தான் எடுத்து நீட்டுகிறது. நம் பட்டுக்கோட்டை பக்கத்து இராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமனும் 1984 முதல் 1987 வரை அதே நாற்காலியில் இருந்தவர். தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், பலருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஒருவரால் வலுப்பெறுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. அதற்கு நான் டெல்லியிலிருந்து தொடங்க மாட்டேன். எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனம். 2017-இல் மேட்டூர் அணையை அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறந்தார்கள். ஜூன் 12-க்கு வரவேண்டிய தண்ணீர். வந்ததும் போதாத தண்ணீர். முறை வைத்துத்தான் விட வேண்டும் என்று ஆனபோது எங்கள் வாய்க்கால்காரர்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூடினோம். தலைமை வகித்த பெரியவருக்கு நிலம் தலைமடையில், ஷட்டரை ஒட்டி இருந்தது. அவர் நினைத்தால் தன் வயலுக்கு முதல் நாளே பாய்ச்சிக்கொள்ளலாம், கேட்பார் கிடையாது.

அவர் மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. வரிசையாகப் பெயர் எழுதி வைத்திருந்தார், கடைமடைக்காரர்கள் பெயர் மேலே, தலைமடைக்காரர்கள் கீழே. பேசி முடித்தவர் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு டிக். முதலில் கடைமடையில் ஒன்றரை மா நிலம் வைத்திருக்கும் ஓர் அக்காவைப் பேசச் சொன்னார். அவர் எழுந்து, நாற்றங்கால் காய்ந்து வெடித்துக் கிடப்பதைச் சொல்லத் தொடங்கியதுமே பெரியவரின் சொந்த அண்ணன் மகன் குறுக்கே குரல் கொடுத்தான். பெரியவர் நிமிரக்கூட இல்லை. “உட்காருப்பா. உன் வயல் வாய்க்கால் தலைப்புல கிடக்கு, உன் பேச்சும் எப்ப வேணாலும் வரும். அவங்களுக்கு ரெண்டுமே கடைசியிலதான் வரும். அதனால அவங்க முதல்ல” என்றார். கடைமடைக்கு நான்கு நாள் முதலில், பிறகு மேலே என்று முடிவானது. அந்த முடிவு எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன், எனக்கே என் பங்கு குறைந்தது. ஆனால் அந்த வருஷம் எங்கள் வாய்க்காலில் ராத்திரியில் யாரும் ஷட்டரைத் தூக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் குறையைச் சபையில் சொல்லியாகிவிட்டது, தன் பெயருக்கு நேரே டிக் விழுந்ததைத் தானே பார்த்தாகிவிட்டது.

சபாநாயகர் வேலையின் முக்கால் பங்கு இதுதான். அவர் சட்டம் எழுதுவதில்லை. ஓட்டுப் போடுவதும் இல்லை, இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் ஒரு தீர்மான வாக்கு. யார் எப்போது பேசுவது, எது இன்றைக்கு எடுபடும், எது குறிப்பிலிருந்து நீக்கப்படும், இவையெல்லாம் அவர் கையில். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அறுவடைக் காலத்தில் மழை பெய்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவிந்து கிடக்கிறது என்று வையுங்கள். 17 சதவீத ஈரப்பதம் தாண்டினால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். தளர்த்தச் சொல்லி ஓர் உறுப்பினர் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கிறார். சபாநாயகர் நாளைக்கே அதை எடுத்தால் அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், அதிகாரிகள் இரவோடு இரவாகக் கோப்பை நகர்த்துவார்கள். பத்து நாள் தள்ளிப்போட்டால் தார்ப்பாய்க்குள் நெல் முளைத்துவிடும். கவன ஈர்ப்பு அப்போதும் எடுக்கப்படும், பதிலும் வரும், நெல்தான் இருக்காது.

சட்டம் இயற்றும்போதும் இதே கதைதான். நம் மண்ணுக்கென்றே வந்த சட்டம் ஒன்று உண்டு, 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். ஹைட்ரோகார்பன், மீத்தேன் என்று வருஷக்கணக்காகத் தெருவில் நின்ற விவசாயிகளின் போராட்டம் கொண்டுவந்த சட்டம். நான் அதை மனதார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். பிப்ரவரி 9-இல் அறிவிப்பு, 20-ஆம் தேதி பேரவையில் நிறைவேற்றம். மசோதாவை ஆராயும் உறுப்பினர் குழுவான தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சி கேட்டது, அனுப்பவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் எண்ணெய்க் கிணற்றுப் பணிகளை இந்தச் சட்டம் தொடாது என்பது நமக்கு ஒரு பெரிய குறை. தெரிவுக் குழு ஒன்று திருவாரூரில் இரண்டு நாள் உட்கார்ந்து, கிணற்றுக்குப் பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அந்தக் குறை முதல் மணி நேரத்திலேயே வெளியே வந்திருக்கும். 2023 ஏப்ரல் 21-இல் இன்னொன்று. கூட்டத்தொடரின் கடைசி நாள். 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்காக, நீர்நிலைகள் உள்ளடங்கிய நிலத்தை ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டம் விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் போய்விட்டது. ஏரியும் வாய்க்காலும் சம்பந்தப்பட்ட சட்டம், வாய்க்காலை நம்பிப் பிழைப்பவர்களின் உறுப்பினர் ஒருவர்கூட அதில் பத்து நிமிடம் பேசவில்லை. இரண்டு சட்டங்களும் இரண்டு வெவ்வேறு ஆட்சியில் வந்தவை என்பதைக் கவனியுங்கள். குறை ஒரு கட்சியுடையது இல்லை.

நாடாளுமன்றத்திலும் இந்தப் பழக்கம் முற்றிக்கொண்டு வருகிறது. 15-வது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-வது மக்களவையில் 16 சதவீதம். முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது, 17-வது அவை 55 நாள். 2023 டிசம்பரில் ஒரே கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம். எத்தனை லட்சம் வாக்காளர்களின் குரல் அது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது எனக்கு மனதில் ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். கட்சித்தாவல் தடைச் சட்டம். 1985-இல் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணையாகச் சேர்த்தார்கள். தாவியவர் பதவி போகுமா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் அவைத்தலைவருக்கு. 1992-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது, ஆனால் அந்த முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று சொன்னது. காலக்கெடு எதுவும் சட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் 2017-இல் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரி நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 11 பேர் மீதான மனு ஒரு பக்கம். ஆகஸ்டில் ஆளுநரைச் சந்தித்து முதல்வருக்கு ஆதரவு இல்லை என்று கடிதம் கொடுத்த 18 பேர் மீதான மனு இன்னொரு பக்கம். 18 பேரும் ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 18 அன்று, தகுதி நீக்கம். அதை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் செல்லும் என்றது. அதை மதிக்கிறேன். ஆனால் 11 பேர் விவகாரம் ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றம் வரை போய், மறுபடி சபாநாயகரிடமே திரும்பி வந்தது. ஒரே நாற்காலி, ஒரே அட்டவணை, ஒரு மனுவுக்கு வாரக்கணக்கு, இன்னொன்றுக்கு வருஷக்கணக்கு.

அந்த 18 தொகுதிகளில் ஒன்று தஞ்சாவூர். இடைத்தேர்தல் நடந்து முடிவு வந்தது 2019 மே 23-இல். 20 மாதம் தஞ்சாவூருக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, தஞ்சாவூர் தொகுதி காலி. கலைஞர் மறைவால் திருவாரூர் தொகுதியும் காலி. எங்கள் ஊரில் இருபது, முப்பது வருஷத் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. மின்கம்பம் விழுந்து வாரக்கணக்கில் இருட்டு. நிவாரணக் கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்று நின்றார்கள். தஞ்சாவூரில் இருக்கும் என் மைத்துனர் அப்போது கேட்டார்: “மச்சான், நாங்க ஓட்டுப் போட்டவரு தப்புப் பண்ணியிருந்தா அவரைத் தண்டிக்கட்டும். எங்களை ஏன் இத்தனை மாசம் ஆளில்லாம விட்டாங்க?” அவருக்கு நான் பத்தாவது அட்டவணையை விளக்கவில்லை. விளக்கியிருந்தால் எனக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. இந்த மனுக்களைச் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு கட்சியைச் சேர்ந்தவராகவே தொடரும் சபாநாயகரிடம் இந்த அதிகாரம் இருப்பது சரியா என்று நாடாளுமன்றம் யோசிக்கட்டும், நிரந்தரத் தீர்ப்பாயம் ஒன்றை அமைக்கலாம் என்றும் சொன்னது. யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தத் தீர்ப்பாயம் வரவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சபாநாயகரை அவமதிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தச் சுமையை இறக்கி வைத்தால்தான் அந்த நாற்காலியின் மானம் மிஞ்சும்.

மனிதர் நல்லவராக இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். நல்லவர்கள் இருந்திருக்கிறார்கள். 1967-இல் நீலம் சஞ்சீவ ரெட்டி சபாநாயகரானதும் கட்சி உறுப்பினர் பொறுப்பை விட்டு விலகினார். 2008-இல் சோம்நாத் சாட்டர்ஜி, கட்சி சொல்லியும் சபாநாயகர் பதவியை விட மறுத்தார், வாழ்நாளெல்லாம் உழைத்த கட்சி அவரை வெளியேற்றியது. தனி மனிதர் இப்படி விலை கொடுத்துத்தான் நடுநிலை காக்க வேண்டும் என்றால் ஏற்பாட்டில் கோளாறு இருக்கிறது. இங்கிலாந்தில் சபாநாயகரானவர் கட்சியை விட்டுவிடுகிறார், அடுத்த தேர்தலில் பெரிய கட்சிகள் பொதுவாக அவரை எதிர்த்து ஆள் நிறுத்துவதில்லை. இங்கே அடுத்த தேர்தலில் சீட்டு வேண்டுமென்றால் அதே கட்சித் தலைமையிடம்தான் போய் நிற்க வேண்டும். துணைச் சபாநாயகர் பதவியும் அப்படித்தான். ஆளுங்கட்சி அல்லாதவருக்குக் கொடுக்கும் நல்ல வழக்கம் இருந்தது. கரூரிலிருந்து போன தம்பிதுரை 2014 முதல் 2019 வரை அந்தப் பதவியில் இருந்தார். அதற்கடுத்த 17-வது மக்களவை துணைச் சபாநாயகரே இல்லாமல் ஐந்து ஆண்டையும் ஓட்டி முடித்தது. இயன்ற அளவு விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 93-வது பிரிவு சொல்கிறது. இதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது?

மக்களவைத் தலைவர் இருக்கைக்குப் பக்கத்தில் 2023 மே 28 முதல் நம் திருவாவடுதுறை ஆதீனத்தோடு தொடர்புடைய செங்கோல் இருக்கிறது. 1947-இல் நேருவிடம் கொடுக்கப்பட்டது. அதைச் சுற்றிய வரலாற்று விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதன் உச்சியில் இருக்கும் நந்தியைப் பார்க்கும்போது எனக்குத் திருப்புன்கூர் நந்தி நினைவுக்கு வரும். கோயிலுக்குள் விடாமல் வெளியே நிறுத்தப்பட்ட நந்தனார் பார்க்க வேண்டும் என்று அந்த நந்தி சற்று விலகிக்கொண்டதாக ஐதீகம். இன்றைக்கும் நேர்கோட்டிலிருந்து தள்ளித்தான் உட்கார்ந்திருக்கும். மறைத்துக்கொண்டு உட்காராமல் வழி விடுவது எப்படி என்று காட்டும் உருவம் சபாநாயகர் பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் இளைஞர் நாடாளுமன்றத்துக்கு வருவோம். உங்களை வரவேற்றுப் பேசும்போது எதிர்க்கட்சித் தலைவராக நடிக்கும் மாணவருக்கு, “நடுநிலையாக இருப்பார் என்று நம்புகிறோம்” என்ற ஒற்றை வரியை மட்டும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவரிடம் முன்கூட்டியே பேசி, உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பதைக் குறிப்பாகச் சொல்லச் சொல்லுங்கள்: எத்தனை நிமிடம், எத்தனை துணைக் கேள்வி, எந்த மசோதா குழுவுக்குப் போக வேண்டும். உங்கள் ஏற்புரையில் அவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது என்று பெயர் சொல்லிப் பதில் கொடுங்கள். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஓர் உறுப்பினர் உள்ள கட்சியின் பெயரையும் சுயேச்சையின் பெயரையும் முதல் பக்கத்தில் மேலே எழுதுங்கள். முதல்வராக நடிப்பவர் பெயர் கடைசியில் இருக்கட்டும். பேசி முடித்தவருக்கு நேரே ஒரு டிக் போடுங்கள். அவையை ஒத்திவைக்கும் முன்னால் அந்தப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள், டிக் விழாத பெயர் இருந்தால் மணியை அடிக்காதீர்கள்.